குழிக்குள் கிடைத்த குழாய்: பொதுப் போக்குவரத்துப் பணிகளைக் கொந்தராத்துக்குக் கொடுக்கும் வழிகள்

திருகோணமலை நகரில் பஸ் நிறுத்தும் இடமொன்றை அகலமாக்கி, அதன் ஓரமாக மூடிய வடிகான் போடும் வேலை. சிறிய வேலைதான். அங்கே அளவெடுத்துக் கணக்கு எழுதுகிறவனாக நான் நின்றேன். மூன்றாம் நாள் காலை பெக்கோ இயந்திரத்தின் வாளி மண்ணுக்குள் இறங்கியது. ‘டங்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் சேறு கலந்த தண்ணீர் ஓட்டுநரின் கண்ணாடிவரை பீறிட்டது. உள்ளே கிடந்தது பழைய வார்ப்பிரும்புக் குழாய். எங்கள் வரைபடத்தில் அப்படியொரு குழாயே இல்லை.

வேலை நின்றது. வரைபடத்தில் இல்லாத தடங்கல் வந்துவிட்டது, மேலதிகப் பணமும் கால நீடிப்பும் வேண்டும் என்று கொந்தராத்துக்காரர் கடிதம் எழுதினார். எங்களுக்குத் தரப்பட்ட தகவலில் அந்தக் குழாய் இல்லை என்று வரைபடம் தயாரித்தவர்கள் பதில் எழுதினார்கள். மேலதிகச் செலவுக்கு மேலிடத்து அனுமதி வர வேண்டும் என்றது பணம் கொடுக்கும் அலுவலகம். மூன்று பேர் சொன்னதும் உண்மை. ஏழு வாரங்கள் போய்விட்டன. வாடைக்காற்றோடு மாரி மழை இறங்கிக் குழியைக் குளமாக்கியது. விடியற்காலையில் மான்கள் வந்து அதில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். எதிரே அப்பக்கடை வைத்திருந்த அக்கா, சிவப்பு வெள்ளை நாடாவைத் தூக்கிப் பிடித்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடக்கவிட்டபடி என்னிடம் கேட்பார்: “தம்பி, இது யாருடைய வேலை? யாரிடம் போய்க் கேட்க வேண்டும்?”

ஒரு பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. அது ஏன் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வேலை தாமதமானால் கொந்தராத்துக்காரர் சரியில்லை, அதிகாரிகள் சரியில்லை என்று ஆட்களைத்தான் பேசுகிறோம். அந்த வேலை எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் எதிர்பாராதது ஒன்று நடந்தால் யார் தலையில் விழும், அதை யார் தீர்ப்பார்கள், எத்தனை நாள் எடுக்கும் என்பதெல்லாம் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே அந்த முறையால் தீர்மானமாகிவிடுகின்றன.

வீடு கட்டிய எவருக்கும் இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒருவர் வரைஞரிடம் போய்ப் படம் வரைவித்து, அனுமதி எடுத்து, பிறகு நாலு மேசன்மாரைக் கூப்பிட்டு அதைக் காட்டி விலை கேட்கிறார். இன்னொருவர் நம்பிக்கையான ஓர் ஆளிடம், “மூன்று அறை, ஒரு விறாந்தை, இவ்வளவு பணம். படத்தையும் நீங்களே பாருங்கள், முடிந்ததும் திறப்பைக் கையில் தாருங்கள்” என்கிறார். மூன்றாமவர், படம் வரையும் மேசையிலேயே மேசனையும் உட்கார வைக்கிறார். நாலாமவரிடம் காணி இருக்கிறது, காசு இல்லை. “கடைத்தொகுதியை நீயே கட்டு, இருபது வருடம் வாடகையை எடு, பிறகு என்னிடம் ஒப்படை” என்கிறார். ரயில் பாதைக்கும் பாலத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் உலகம் முழுவதும் கையாளப்படும் வழிகள் பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். பெயர்கள்தான் பெரிதாக இருக்கும்.

முதலாவது, வழமையான வழி. முதலில் வடிவமைப்பு முழுவதும் முடியும். பிறகு விலைமனு கோரப்படும். தகுதியான மனுக்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகும். அதன் பிறகுதான் கட்டுமானம். இந்த முறையின் இதயம் அளவுப் பட்டியல். வேலைத்தளத்தில் இதைப் பீ.ஓ.கியூ. என்பார்கள். எத்தனை கன மீற்றர் மண் தோண்ட வேண்டும், எத்தனை மீற்றர் குழாய், எத்தனை கிலோ கம்பி என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் கொந்தராத்துக்காரர் தன் விலையை எழுதுவார். முடிவில் உண்மையாகச் செய்த அளவை அளந்து பணம் கொடுக்கப்படும்.

இந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மூடிய உறைகளை எல்லோர் முன்னிலையிலும் திறந்து விலையை உரக்க வாசிக்கும் அந்த அரை மணி நேரம், பொதுப் பணத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை. இரண்டு டிராக்டரும் ஒரு கொங்கிரீட் மிக்சரும் வைத்திருக்கும் உள்ளூர்க்காரரும் இதில் போட்டியிட முடியும். என்ன கட்டுகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்த வேலைகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

சிக்கல், என்ன கிடக்கிறது என்று தெரியாத நிலத்தில் தொடங்குகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்காக நான் போட்ட எண்கள்தான், ஆனால் இந்த வித்தை எல்லா ஊரிலும் நடப்பது. பட்டியலில் 900 கன மீற்றர் மண் தோண்டல், 100 கன மீற்றர் பாறை உடைத்தல் என்று இருக்கிறது. நேர்மையான ஒருவர் மண்ணுக்கு 1,000 ரூபாய், பாறைக்கு 5,000 ரூபாய் போடுகிறார். மொத்தம் 14 இலட்சம். மற்றவர் இந்த ஊர் நிலத்தை அறிந்தவர். உவர்மலைப் பக்கம் இரண்டடி தோண்டினாலே பாறை வரும் என்று அவருக்குத் தெரியும். மண்ணுக்கு 600 போட்டு, பாறைக்கு 8,000 போடுகிறார். மொத்தம் 13 இலட்சத்து 40 ஆயிரம். வேலை அவருக்குத்தான். தோண்டிப் பார்த்தால் மண் 500, பாறை 500. நேர்மையானவரிடம் கொடுத்திருந்தால் 30 இலட்சத்தில் முடிந்திருக்கும். இவருக்கோ 43 இலட்சம் கொடுக்க வேண்டும். சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. குறைந்த விலைக்காரரைத்தான் தெரிவு செய்தோம்.

அந்த மனிதரைத் திட்டுவதைவிட, முறை அவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். வரைபடத்தில் ஒரு பிழையைக் கண்டால் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு இலாபம். நிலத்தை நன்றாக அறிந்தவரின் வாயை, அவருடைய அறிவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் இந்த முறை மூடிவைக்கிறது.

எங்கள் குழாயைப் போன்ற ஒரு கதை நியூயோர்க்கின் ப்ரூக்ளின் கடற்படைத் தளத்திலும் நடந்தது. உலர் கப்பல்துறை ஒன்றைக் கட்ட அங்கே ஸ்பியரின் என்ற கொந்தராத்துக்காரர் ஒப்பந்தமானார். குறுக்கே போன செங்கல் கழிவுநீர்க் கால்வாயை அரசாங்கம் கொடுத்த படத்தின்படியே இடம் மாற்றிக் கட்டினார். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு கனமழையும் கடல் வற்றுப்பெருக்கும் ஒன்றாக வந்தபோது கால்வாய் உடைந்து வேலைத்தளம் வெள்ளமானது. அதோடு இணைந்த இன்னொரு கால்வாய்க்குள் படத்தில் காட்டப்படாத தடுப்பணை ஒன்று இருந்ததே காரணம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. படத்தைக் கொடுத்தவர் அந்தப் படத்தின் சரிபிழைக்கும் பொறுப்பு என்று 1918இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் இன்றும் வழமையான முறைக்கு அடித்தளமாக நிற்பது இந்தத் தீர்ப்பு. துறைமுகமும் மாரி மழையும் கடற்பெருக்கும் அறிந்த ஊர்க்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது வழியைத் ‘திறப்பைக் கையில் தரும்’ வழி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அறிவித்தல்களில் ‘வடிவமைத்தலும் நிர்மாணித்தலும்’ என்று வரும். அரசாங்கம் முழுப்படம் வரைவதில்லை. எத்தனை தடம், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று தேவைகளை மட்டும் எழுதிக் கொடுக்கிறது. வரைவதும் கட்டுவதும் ஒரே குழு. படத்தில் பிழை இருந்தால் அது அவர்கள் பிழை. பொறியியலாளரும் கட்டுகிறவரும் ஒருவர்மேல் ஒருவர் கடிதம் எழுத முடியாது. அத்திவாரத்தின் படம் முடிந்தவுடன் அத்திவாரத்தைத் தொடங்கிவிட்டு, மேல்தளத்தின் படத்தைப் பிறகு முடிக்கலாம். நேரம் மிச்சமாவது இங்கேதான்.

2007 ஓகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் மாலை நெரிசல் நேரத்தில் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். புதிய பாலத்தை இந்த வழியில்தான் கொடுத்தார்கள். நான்கு குழுக்கள் போட்டியிட்டன. விலையோடு கட்டி முடிக்கும் நாட்களையும் பணமாக்கிச் சேர்த்து, அதைத் தொழில்நுட்ப மதிப்பெண்ணால் வகுத்து, குறைந்த எண் வந்த குழுவைத் தெரிவு செய்தார்கள். வென்ற குழு சொன்ன விலை நான்கிலும் கூடியது, ஏறக்குறைய 234 மில்லியன் டொலர். வரி செலுத்துவோர் என்ற முறையில் இருவர் வழக்குப் போட்டார்கள். தெரிவு சரியென்று மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. அதற்குள் பாலத்தில் வாகனங்கள் ஓடி ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. 2008 செப்டம்பர் 18 அன்றே, உரிய காலத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பாக, அது திறக்கப்பட்டுவிட்டது.

ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. இதைக் கிண்ணியாக்காரரிடம் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டப்பட்டு, 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, கரையில் நின்று ‘பாதை’ எனப்படும் மிதவை வரும்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். பிரசவ வலியோடு ஒரு பெண் பாதைக்காகக் காத்திருந்த இரவுக்கு எந்த அளவுப் பட்டியலிலும் வரி இல்லை.

இந்த வழிக்குத் தீமையும் உண்டு. குழு தன் தலைமேல் ஏற்கும் ஒவ்வொரு ஆபத்துக்கும் விலைக்குள் பணம் வைக்கும். ஆபத்து நடக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. தேவைகளை எழுதும்போது எதையாவது மறந்துவிட்டால், பிறகு கேட்டுப் பெறுவது கடினம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தை எழுத மறந்தால் படிக்கட்டுத்தான் வரும். விலைமனு போடவே பாதிப் படம் வரைய வேண்டியிருப்பதால் பெரிய நிறுவனங்கள்தான் தாக்குப் பிடிக்கும். உள்ளூர்க்காரர் துணைக் கொந்தராத்துக்காரராகி, கிடைக்கும் மிச்சத்தில் வேலை செய்ய நேரிடும். இது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

பெரிய வேலைகளில் இருக்கிற பொறியியலாளர்கள் ‘சிவப்புப் புத்தகம்’, ‘மஞ்சள் புத்தகம்’ என்று பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். ஃபிடிக் எனப்படும் சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனம் வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்கள் அவை. சிவப்பு, வேலை கொடுப்பவரின் படத்துக்கு. மஞ்சள், கட்டுகிறவரே வரைவதற்கு. வெள்ளி நிறப் புத்தகமும் உண்டு. அதில் ஏறக்குறைய எல்லா ஆபத்தும் கட்டுகிறவர் தலையில். நிறத்தைக் கேட்டாலே பாரம் யார் தோளில் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன், நம் நாட்டில் அதிகம் பேசப்படாததும் அதுதான். படம் வரையும் காலத்திலேயே கட்டுகிறவரைத் தெரிவு செய்வது. ஆனால் விலையைப் பார்த்து அல்ல. அனுபவம், ஆட்கள், வேலையை எப்படி அணுகுவார் என்பதைப் பார்த்து. முதற்கட்டத்தில் அவர் ஆலோசனை சொல்ல மட்டும் ஒரு கட்டணம். “இந்தத் தூணை இங்கே வைத்தால் கிரேன் நிற்க இடமில்லை”, “இந்த வேலையை மாரிக்கு முன் முடிக்காவிட்டால் தை மாதம்வரை தொட முடியாது” என்று அவர் சொல்லச் சொல்ல, படம் மாறும். படம் முக்கால்வாசி முடிந்ததும் அவர் ஓர் உச்ச விலை சொல்வார். எவ்வளவு செலவானாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார். சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவர் அதே வேலைக்குத் தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். இரண்டும் பொருந்தினால் வேலை தொடரும். பொருந்தாவிட்டால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, நன்கு தேறிய அந்தப் படத்தோடு பொது விலைமனுவுக்குப் போகலாம். அந்தக் கதவு திறந்திருப்பதுதான் விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கடைத்தெரு ஒன்றின் நடுவே இலகு ரயில் பாதையை இந்த வழியில் அமைத்தார்கள். 2004 மே 1 அன்று அது திறக்கப்பட்டது. ஏறக்குறைய 9 கிலோமீற்றர். கடைகள் வேலைக்காலத்திலும் திறந்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் உள்ளே போக வழி வேண்டும். எந்தக் கடையின் முன்னால் எந்த வாரம் தோண்டுவது என்பதைக் கட்டுகிறவர் முன்கூட்டியே உட்கார்ந்து திட்டமிட்டால்தான் அப்படிப்பட்ட வேலை நடக்கும். திருகோணமலையின் பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நடுவே ஒரு வடிகான் வேலை வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்த நாளில் தோண்டக்கூடாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவரைக் கேட்கும் கடமை யாருக்கு என்பதைத்தான் ஒப்பந்த முறை சொல்ல வேண்டும்.

எங்கள் குழாயிலும் இதேதான் நடந்தது: தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார், அவரைக் கேட்கும் கடமைதான் யாருக்கும் இருக்கவில்லை. ஐந்தாவது வாரத்தில் வயதான ஐயா ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார். இளமையில் குழாய் பதித்தவர். பக்கத்து ஒழுங்கையிலேயே வீடு. குடைக்கம்பியால் ஈர மணலில் ஒரு கோடு கீறினார். வேப்பமரத்திலிருந்து நாலு முழம், அங்கிருந்து கோணலாக மதகுவரை. இன்னொரு கோடும் கீறினார். “இதன் கீழே இன்னொன்று இருக்கிறது தம்பி. அதில் தண்ணீர் இல்லை, பயப்பட வேண்டாம்.” இரண்டாவது குழாயும் அவர் சொன்ன இடத்திலேயே கிடந்தது. விலைமனுவுக்கு முன்னால் இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு காலை வேளையைச் செலவிட எங்கள் முறையில் யாருக்கும் பணமும் இல்லை, கடமையும் இல்லை. மூன்றாவது வழியில் கொந்தராத்துக்காரருக்கு அதற்குத்தான் முதற்கட்டக் கட்டணம்.

ஆனால் விலையைப் பார்க்காமல் ஆளைத் தெரிவு செய்வது என்றவுடன் நம் வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறதே, அது நியாயமானது. ‘அனுபவம்’ என்ற சொல்லுக்குள் வேண்டியவர்களை நுழைத்துவிட முடியும். மதிப்பெண் கொடுத்த விதத்தை வெளியிட வேண்டும், மதிப்பீட்டாளர் உண்மையாகவே சுயாதீனமாக இருக்க வேண்டும், அலுவலகத்தின் பக்கத்திலும் விலை அறிந்தவர்கள் உட்கார வேண்டும். அரச கொள்வனவுகளை மேற்பார்வை செய்யும் தேசிய பெறுகை ஆணைக்குழு இலங்கையில் 2015இல் 19ஆம் திருத்தத்தால் வந்தது, 2020இல் 20ஆம் திருத்தத்தால் போனது, 2022இல் 21ஆம் திருத்தத்தால் மீண்டும் வந்தது. காவல் இப்படி வந்தும் போயும் இருக்கிற நாட்டில் இந்த முறையைச் சிறிய வேலைகளில் தொடங்கிப் பழகுவதே புத்தி.

நேரத்தை எப்படி விலைக்குள் கொண்டுவருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எந்த வழியோடும் இதைச் சேர்க்கலாம். ஒரு வீதி மூடிக்கிடப்பதால் ஊருக்கு நாளொன்றுக்கு ஓர் இலட்சம் நட்டம் என்று கணித்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 கோடிக்கு 200 நாள் கேட்கிறார். மற்றவர் 10 கோடி 40 இலட்சத்துக்கு 150 நாள். நாட்களையும் பணமாக்கிக் கூட்டினால் முதலாமவர் 12 கோடி, இரண்டாமவர் 11 கோடி 90 இலட்சம். கூட விலை சொன்னவர்தான் ஊருக்கு மலிவு.

முன்கூட்டி முடித்தால் ஊக்கப்பணம், பிந்தினால் தண்டம் என்பதும் இதே குடும்பம். 1994 ஜனவரி 17 அன்று நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லொஸ் ஏஞ்சல்சின் சாண்டா மொனிக்கா நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தன. 140 நாள் அவகாசம். முந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 2 இலட்சம் டொலர் கொடுப்பது, பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் பணத்தைக் கழிப்பது என்று ஏற்பாடு. கொந்தராத்துக்காரர் இரவு பகலாக ஆட்களை இறக்கி 66 நாளில் முடித்தார். 74 நாளுக்கான ஊக்கப்பணம் 14.8 மில்லியன் டொலர். வேலையின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியும் நகரம் வருந்தவில்லை. மூடிக்கிடந்த ஒவ்வொரு நாளும் அதைவிட அதிகம் தின்றுகொண்டிருந்தது.

நாலாவது வழி, அரச தனியார் பங்காளித்துவம். தனியார் பணம் போட்டுக் கட்டி, ஓட்டி, கட்டணத்திலிருந்தோ அரசு தரும் வருடாந்தத் தொகையிலிருந்தோ போட்டதை எடுத்து, கடைசியில் ஒப்படைப்பார். இருபது முப்பது வருடம் தானே ஓட்ட வேண்டியிருப்பதால் தரமாகக் கட்டுவார் என்பது இதன் தர்க்கம். அது பல இடங்களில் உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் பொறுப்பை எங்கே பிளக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. டில்லி விமான நிலைய மெட்ரோ ரயிலில் தூண்களும் பாலமும் சுரங்கமும் அரச மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு. தண்டவாளமும் மின்சாரமும் ரயிலும் ஓட்டுவதும் தனியார் பொறுப்பு. 2011 பெப்ரவரியில் ஓடத் தொடங்கியது. 2012 ஜூலையில் பாலத்தின் தாங்கிகளில் கோளாறு என்று நிறுத்தப்பட்டது. கட்டியவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு. யார் குற்றம்? ரயில் 2013 ஜனவரியில் மீண்டும் ஓடியது. அந்த வருட நடுப்பகுதியில் தனியார் விலகிக்கொண்டார். வழக்கோ ஓயவில்லை. 2017இல் நடுவர் தீர்ப்பு தனியாருக்குச் சாதகம், 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வழக்கு அது. எங்கள் ஏழு வாரக் குழியின் பெரிய உருவம்தான்.

கூட்டணி ஒப்பந்தம் என்று இன்னொன்றும் உண்டு. வட கடல் எண்ணெய்த் தளங்களில் 1990களில் தொடங்கி, ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. விக்டோரியா மாநிலத்தில் ரயில் கடவைகளை அகற்றும் பெரும் பணி 2015 முதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அரசும் வரைகிறவரும் கட்டுகிறவரும் ஒரே பையில் இலாப நட்டத்தைப் பங்கிடுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை என்று கையெழுத்திடுவார்கள். மிகச் சிக்கலான வேலைக்குப் பொருந்தும். நமக்கு இப்போதைக்கு எட்டாத கனி என்பது என் எண்ணம்.

எந்த வழியிலும் ஒரு வாசகத்தை மட்டும் தேடிப் பாருங்கள்: விலை மாற்றத்தை யார் தாங்குவது? 2021 டிசம்பர் கடைசியில் இலங்கையில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய். விலை திருத்தம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிறிய கொந்தராத்துக்காரர் என்ன ஆவார்? பெக்கோவை விற்றார், வேலையைப் பாதியில் விட்டார், சிலர் வெளிநாடு போனார்கள். எல்லாப் பாரத்தையும் அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டால் நாம் தப்பிவிட்டோம் என்று நினைக்கக்கூடாது. தாங்க முடியாதவர் மேல் ஏற்றிய பாரம் கடைசியில் வீதியில்தான் விழும். ஒருவரால் எதைக் கட்டுப்படுத்த முடியுமோ அதை அவர் ஏற்கட்டும். கம்பியை ஒழுங்காகக் கட்டுவது கொந்தராத்துக்காரரின் கையில். உலக எண்ணெய் விலை அவர் கையில் இல்லை.

என் கணிப்பில், பஸ் தரிப்பிடக் கூரை, நேரான வீதிக்குத் தார் போடுதல் போன்றவற்றை வழமையான முறையிலேயே, உள்ளூர்க்காரர் போட்டியிடும்படி கொடுக்கலாம். களப்பைக் கடக்கும் பாலத்துக்கு வடிவமைப்பும் நிர்மாணமும் ஒரே கையில் இருப்பது நல்லது. பழைய குழாய்களும் கடைகளும் நிறைந்த நகர நடுவே வடிகானோ பஸ் நிலையமோ வந்தால், கட்டுகிறவரை முதல் நாளே மேசைக்கு அழைக்க வேண்டும்.

ஞாயிறுப் பத்திரிகையில் விலைமனு கோரல் அறிவித்தல் வரும்போது இனி ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள். ‘வடிவமைத்தலும் நிர்மாணித்தலும்’ என்று இருந்தால், வேலை பிழைத்துப்போனால் கேள்வி கேட்க வேண்டியது கட்டுகிற குழுவை. அப்படி இல்லாமல் படமும் அளவுப் பட்டியலும் தரப்படுகின்றன என்றால், அந்தப் படத்துக்கு உரியவர் வேலை கொடுக்கும் அலுவலகம்.

அப்பக்கடை அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான். எங்கள் வேலை முதல் வழியில் கொடுக்கப்பட்டது. “அக்கா, குழிக்குள் நிற்கும் பெடியன்களைக் கேட்டுப் பயனில்லை. குழாயைக் காட்டாத படம் அலுவலகத்துடையது, மேலதிகப் பணத்துக்குக் கையெழுத்திட வேண்டியவரும் அங்கேதான் இருக்கிறார். அறிவித்தல் பலகையில் வேலையின் இலக்கம் இருக்கிறது. அதை எழுதிக்கொண்டு போய், கால நீடிப்புக் கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள்.”